ஓரிரு இடங்களில்

பெருங்குடி விமான நிலையம், இரண்டாவது மாடி.
ஏ.சி. ஓடவில்லை.
புரட்டாசி வெயில் சன்னல் கண்ணாடியில் சாய்ந்து நிற்கிறது,
கொடுத்த கடனைக் கேட்க வந்தவனைப் போல.
புறங்கையால் கழுத்தைத் துடைத்தபடி
திரையில் மைனஸ் அறுபத்திரண்டைப் பார்க்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில்
சிவப்பைச் சூடு என்றே கண் படித்தது.
இங்கே சிவப்பு என்றால் குளிர்.
மேகம் எவ்வளவு ஏறுகிறதோ
அவ்வளவு சில்லிடும் அதன் உச்சந்தலை.
அந்தத் தலையை மட்டும்தான் பார்க்கிறது
முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேலே
நம்மோடு சேர்ந்து சுற்றுவதால் நிற்பதுபோல் தெரியும் கண்.
தலைக்குக் கீழே யார் என்று
அதற்குத் தெரியாது.

படத்தின் ஓரத்தில் நேரம் 0915.
அது கிரீன்விச்சின் காலை.
ஐந்தரை கூட்டினால்
வாடிப்பட்டியின் இரண்டே முக்கால்.
நான் கூட்டி முடிப்பதற்குள்
சிறுமலைக்குத் தெற்கே ஒரு புள்ளி தடித்துவிட்டது.

ஒரு புள்ளி, நாலு கிலோமீட்டர்.
அதற்குள் கச்சைகட்டி நெல் கொள்முதல் களம் இருக்கிறது.
சாக்குப் பிடிக்காத அம்பாரங்கள்,
தராசு, ஒரு புளியமரம்,
மரத்தடியில் செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்கும்
சுமைதூக்குகிறவர்கள் ஆறு பேர்.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டியதென்று திருப்பிவிட்ட
ஒச்சம்மாளின் நெல்
இன்றும் காய்ந்துகொண்டிருக்கக்கூடும்.

இதெல்லாம் சோலைராசன் சொல்லித் தெரியும்.
அந்தக் களத்தின் பட்டியல் எழுத்தர்.
பத்து நாள் முன்பு எங்கள் எச்சரிக்கையைப் பார்த்து
தார்ப்பாய் விரித்து, கல் தூக்கி வைத்து,
ஆறு பேரும் ரெண்டு மணி நேரக் கூலியை விட்டு
அண்ணாந்து நின்றார்களாம்.
மேகம் நத்தம் பக்கம் திரும்பிப் போனது.
எண்ணைத் தேடிப் பிடித்து போன் செய்தார்.
கோபமில்லை. கேட்டார், அவ்வளவுதான்:
"ஓரிரு இடங்களில்னு போடுறீங்களே மேடம்,
அது எந்த இடம்?"

எங்கள் இலாகாவின் பழைய சொல் அது.
கதவு எண் இல்லாத சொல்.
'பெய்யக்கூடும்' என்பதில் பெய்வது மழையின் பாடு;
'கூடும்' என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
பெய்கிறபோது மழை
ஓரிரு இடமாகப் பெய்வதில்லை.
ஒரு அம்பாரத்தின் மேல் முழுசாகப் பெய்கிறது.
மின்னலுக்குச் சதவீதம் தெரியாது.

0930.
மைனஸ் எழுபத்து நாலு.
கால்மணியில் பன்னிரண்டு டிகிரி.
மேகத்தின் தட்டைக் கூரையைப் பிய்த்துக்கொண்டு
ஒரு குமிழ் மேலே வந்திருக்கிறது,
இட்லிப் பானை மூடியை ஆவி தூக்குகிற மாதிரி.

படிவத்தில் மாவட்டம் என்ற கட்டம்தான் உண்டு,
களத்துக்குக் கட்டமில்லை.
மதுரை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில்
என்று அடித்து அனுப்பிவிட்டு
என் சொந்த போனை எடுத்தேன்.

"இங்க சுள்ளுன்னு வெயில் அடிக்குது மேடம்."
தெரியும்.
"தார்ப்பாய் எடுக்கச் சொல்லவா?"
முதல்ல மரத்தடியில் தூங்குறவங்களை எழுப்புங்க.
ஆபீஸுக்குள்ள கூட்டிட்டுப் போங்க.
"நெல்லு?"
அப்புறம்.
"மேடம், நெல்லு..."
எதிர்முனையில் தகரம் ஒன்று படபடத்தது.
பிறகு அவர் குரல் இல்லை,
காற்றும் இல்லை.

0945 படம் வரவில்லை.
சில நாள் அப்படித்தான், பாதியில் கறுப்புப் பட்டை.
1000 வந்தது.
அந்தப் புள்ளியைத் தனியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை.
திருமங்கலம் சாலை வரை ஒரே சிவப்பு.
பெருங்குடியில் ஒரு துளி இல்லை.
டீ வந்தது. ஆறியது.

நாலே முக்காலுக்கு ஒரு குறுஞ்செய்தி:
புளியமரம் மட்டும் மேடம்.

மூன்று முறை படித்தேன்.
நெல்லைப் பற்றி அவர் எழுதவில்லை.
நான் கேட்கவும் இல்லை.
அடுத்த படத்துக்கு
இன்னும் ஏழு நிமிடம்.